பட்டப்பகலில் அடித்த நடுச்சாம மணி

ரொம்பக் காலத்துக்கு முன்னால் வெண்குன்ற நாட்டை முடிவளர்த்தான் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ஆண்டான் என்பதைவிட, தின்றான், தூங்கினான் என்றால் சரியாக இருக்கும்.

அந்த ராஜாவின் சபைக்குள் உப்புக்காரி வேலாத்தா நுழைந்தபோது அவள் முகம் தணல்மாதிரி இருந்தது. இருக்காதா பின்னே? முதல்நாள் ஊர் விளக்கு வைக்கிற வேளையில் கோட்டை வாசலுக்குள் வண்டியை ஓட்டி வந்தாள். மேற்கே வானம் இன்னும் சிவந்திருந்தது. காவலர்கள் மறித்து, "நடுச்சாமம் ஆகிவிட்டது. இதற்குமேல் தெருவில் வண்டி நின்றால், பூட்டிய மாடோ குதிரையோ அரண்மனைக்குச் சொந்தம்" என்று இரண்டு காளைகளையும் அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த மாடுகள் இல்லாவிட்டால் அவளுக்குப் பிழைப்பே இல்லை.

திருடர் பயத்துக்காகப் போட்ட சட்டம் அது. சட்டம் பழசுதான், நடுச்சாமம்தான் புதுசு. முன்பெல்லாம் அடியில் ஊசித்துளை போட்ட செப்பு வட்டில் ஒன்று தொட்டித் தண்ணீரில் மிதக்கும். துளை வழியே நீர் ஏறி வட்டில் மூழ்கினால் ஒரு நாழிகை. அந்தக் கணக்கை வைத்து, பொழுது விழுந்ததற்கும் விடிவதற்கும் நட்டநடுவில் நடுச்சாம மணி அடிப்பார்கள். ஒருநாள் ராஜா மூக்குமுட்டத் தின்றுவிட்டுச் சீக்கிரமே படுத்தான். மணிச்சத்தம் எழுப்பிவிட்டது. "நான் ஒரு தூக்கம் தூங்கி முடித்தபிறகுதான் நடுச்சாமமா?" என்று குதித்தான்.

பக்கத்தில் நின்ற மந்திரி திம்மண்ண ராயர், குரலில் தேனைத் தடவிக்கொண்டு, "மகாபிரபு! தாங்கள் கண் மூடும் கணமே நள்ளிரவு. தங்களுக்குக் கட்டளையிட அந்தச் சூரியன் யார்?" என்றார். அதையே தெருத்தெருவாகத் தண்டோராவும் போடவைத்தார். செப்பு வட்டில் ராயர் வீட்டு வெற்றிலைத் தட்டாயிற்று. ராஜா எங்கே போனாலும் மணிக்காரன் மணியோடு பின்னாலேயே போவான்; ராஜா குறட்டை விட்டால் மணி. அவ்வளவுதான் காலக் கணக்கு.

"ராசா, என் மாட்டைக் குடுங்க" என்றாள் வேலாத்தா. "விளக்கு வைக்கிற நேரம் நடுச்சாமமா? எந்த ஊரு நியாயம் இது?"

ராயர் அங்கவஸ்திரத்தால் மூக்கைப் பொத்தினார். "தள்ளி நில்லடி! மூட்டை தூக்குகிறவளுக்குக் காலத்தைப் பற்றி என்ன பேச்சு?"

"நான் தூங்கினால் நடுச்சாமம்" என்றான் ராஜா. "என் அப்பனே எழுந்து வந்தாலும் மாற்றமாட்டேன்."

"மாத்தவே மாட்டீங்களா?"

"மாட்டேன் என்றால் மாட்டேன்."

திருப்பிக் கத்த வாயெடுத்த வேலாத்தா, ராஜாவின் வாயோரம் ஒட்டியிருந்த நெய்ச்சோற்றுப் பருக்கையைப் பார்த்தாள். அடேயப்பா, இலையிலிருந்து நேரே சிங்காசனத்துக்கு வந்திருக்கிறான்! அவள் குரல் சட்டென்று இறங்கியது.

"சரிங்க ராசா. என் குறையை முழுசாச் சொல்லிட்டுப் போயிடறேன்."

"சொல்லித் தொலை."

பாட்டும் இல்லாமல் பேச்சும் இல்லாமல் ஒரே இழுவையாக ஆரம்பித்தாள். "கடலோரம் பாத்தி கட்டி... பாத்தியிலே தண்ணி விட்டு... தண்ணி வத்தி உப்பாகி... உப்பை அள்ளி மூட்டை கட்டி... மூட்டை ஏத்தி வண்டி கட்டி... மாடு ரெண்டும் ஆடி ஆடி... ஆடி ஆடி..."

ராஜாவின் தலையும் ஆடி ஆடி மார்பில் இடித்தது. கொர்ர்ர்!

ஒரே பாய்ச்சல். மணிக்காரன் கையிலிருந்த சுத்தியலைப் பிடுங்கினாள். டாண்! டாண்!

"நடுச்சாமம் ஆச்சு! தெருவுல வண்டி நின்னாப் பிடிங்கடா!"

மணி அடித்தால் ஓடுவதைத் தவிர அந்தக் காவலர்களுக்கு வேறொன்றும் தெரியாது. ஓடினார்கள். வெளியே கொளுத்தும் வெயிலில் ராயரின் வண்டி நின்றது. வெள்ளைக் குதிரைகள் இரண்டையும் அவிழ்த்து இழுத்துவந்தார்கள்.

ராயர் தலைப்பாகை அவிழக் கத்தினார். "மூடர்களே! சூரியன் உச்சியில் நிற்கிறது! இது எப்படி நள்ளிரவாகும்?"

வேலாத்தா அவர் குரலையே எடுத்துக்கொண்டாள், அந்தத் தேனையும் சேர்த்து. "மகாபிரபு கண் மூடும் கணமே நள்ளிரவு. கட்டளையிட அந்தச் சூரியன் யார்ர்ர்?"

சபை சிரித்த சிரிப்பில் ராஜா விழித்தான். "என்ன கூத்து? விடிந்துவிட்டதா?"

"இப்பத்தான் நடுச்சாமம் ராசா. ராயர் ஐயாதான் இல்லைங்கிறாரு. உங்க தூக்கத்தைவிடச் சூரியன்தான் பெருசாம்."

ராஜா ராயரைப் பார்த்தான். "நான் தூங்கினேனா?"

"தூ... தூங்கினீர்கள், பிரபு."

"அப்படியானால் நள்ளிரவா?"

ஆமாம் என்றால் குதிரை போச்சு. இல்லை என்றால் தண்டோரா பொய். ராயர் அவிழ்ந்த தலைப்பாகையைச் சுற்ற ஆரம்பித்தார்.

வேலாத்தாவுக்குப் பொறுக்கவில்லை. "எனக்குன்னா அந்தியிலயே நடுச்சாமம். இவருக்குன்னா மட்டும் அண்ணாந்து சூரியனைப் பாக்கணுமோ? ராசா, தூக்கம் உங்களுது. நடுச்சாமம் ஊருக்குப் பொது. ராசா யாரு, உப்புக்காரி யாருன்னு அந்த வட்டிலுக்குத் தெரியாது. அதனாலதான் அது சொன்னா நாங்க நம்பினோம்!"

ராஜாவின் முகம் சிவந்தது. பிறகு வெட்கத்தோடு சிரித்தான்.

"ராயரே, வெற்றிலையைக் கொட்டிவிட்டு வட்டிலைத் தேய்த்துக் கழுவும். இனி தொட்டிக்கரைதான் உமது ஆசனம். வட்டில் மூழ்குவதை எண்ணி நடுச்சாம மணி அடிப்பது உமது வேலை. அம்மா, உன் மாடுகளோடு இந்தக் குதிரைகளையும் ஓட்டிப் போ."

"குதிரை வேணாங்க. உப்பு மூட்டையைக் கண்டா மூஞ்சியைச் சுளிக்கும், பழைய எசமான் மாதிரி. என் மாடு போதும்."

"அப்படியென்றால் விருந்தாவது சாப்பிட்டுப் போயேன்."

"ஐயோ, ஆளை விடுங்க ராசா! நீங்க மறுபடியும் கொட்டாவி விடறதுக்குள்ள நான் கோட்டை வாசலைத் தாண்டியாகணும்!"