கூப்பிட்டும் வராதவர்கள்

வேம்பாற்று நாட்டை ஆண்ட கீர்த்திசேகர மகாராஜாவுக்குத் தர்மம் செய்வதில் அலாதிப் பிரியம். செய்த தர்மத்தைப் பற்றிப் பிறர் சொல்லக் கேட்பதில் அதைவிடப் பிரியம். அப்படித்தான் காது கேளாத பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் கட்டினார். கைச்சாடையிலேயே எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் ஒருவரையும் தேடிப்பிடித்து வைத்தார். வாசலில் யாளி, உள்ளே குளம், குளத்தில் தாமரை. பிள்ளைதான் இல்லை. வாத்தியார் பாவம், மயில்களுக்கு அரிசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பிள்ளைகளைச் சேர்க்கும் பொறுப்பு பிரதானி அனந்தசயனத்திடம் இருந்தது. இதற்குமேல் காரணம் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

பிரதானி முறை தவறாத மனிதர். மனுவோடு வந்தவர்கள் அரண்மனை முற்றத்தில் காத்திருக்க வேண்டும். கட்டியக்காரன் உள்ளேயிருந்து மூன்று முறை பெயர் சொல்லி அழைப்பான். வந்தால் விசாரணை. வராவிட்டால் விருப்பமில்லை என்று பொருள், அடுத்த மாதம் பார்க்கலாம். படிக்கப்போவது பிள்ளைதானே? ஆகவே பிள்ளையின் பெயரைத்தான் அழைப்பார்கள். பிள்ளைதான் காதால் கேட்டு வரவேண்டும். எவ்வளவு நியாயம் பாருங்கள்.

மோர் விற்கும் குருவம்மாள் தன் மகள் பேச்சியோடு முற்றத்தில் வந்து உட்கார்ந்தாள். பேச்சியம்மனை வேண்டிப் பெற்ற பிள்ளை. பிறவியிலேயே காது கேட்காது. ஊர்ப் பள்ளி வாத்தியார், "சொன்னால் கேட்பதில்லை" என்று குற்றம் சாட்டி அவளை வெளியே அனுப்பியிருந்தார். ஆனால் படுசுட்டி. ஒருவரை ஒரு தடவை பார்த்தால் போதும், கையாலேயே அவரை அப்படியே செய்து காட்டிவிடுவாள்.

கட்டியக்காரன் மூன்று முறை கூவினான். மரத்துக் கிளிகள் எல்லாம் பறந்துபோயின. பேச்சி அணிலை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். குருவம்மாள்தான் உள்ளே ஓடினாள்.

"எசமான், எம்மகளுக்குக் காது கேக்காது. அவளுக்காக நான் வந்திருக்கேன்."

"பள்ளிக்கூடம் உனக்கா, அவளுக்கா?"

"அவளுக்குத்தான் எசமான்."

"கூப்பிட்டால் எழுந்து வரக்கூட அவளுக்கு அக்கறை இல்லையே. அடுத்த மாதம் வா."

அடுத்த மாதம் குருவம்மாள் உஷாராக இருந்தாள். முதல் அழைப்பிலேயே மகளின் தோளைத் தட்டி உள்ளே அனுப்பினாள். பேச்சி துள்ளிக்கொண்டு போய் நின்றாள். பிரதானிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"முதல் கூப்பாட்டுக்கே வந்துவிட்டாளே! இவளுக்கு எதற்கம்மா தனிப் பள்ளிக்கூடம்? காது நன்றாகத்தான் இருக்கிறது. வீட்டுக்குக் கூட்டிப் போ."

குருவம்மாளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அரசவை விகடகவி மருதக்கூத்தர் அவளுடைய வாடிக்கைக்காரர். மறுநாள் மகளோடு போய் அவருக்கு மோர் ஊற்றும்போது எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"வரலன்னா அக்கறை இல்லையாம். வந்தா காது நல்லா இருக்காம். நான் இருக்கிற வரைக்கும் அவ கையப் பாத்து நான் பேசிருவேன். எனக்கப்புறம் அவகூட யாருய்யா பேசுவா?"

கூத்தர் ஒரு வாய் மோர் குடித்தார். பிறகு கேட்டார். "பிரதானியை உன் மகள் எப்படிச் சொல்லுவாள்?"

"வேணாங்கய்யா, மரியாதையா இருக்காது."

அதற்குள் விஷயம் என்னவென்று தாயின் முகத்திலிருந்தே பேச்சி பிடித்துக்கொண்டாள். மீசையைக் காதுவரை முறுக்கினாள். இல்லாத தொந்தியை இரண்டு கையாலும் தாங்கினாள். ஒரு சிட்டிகை பொடி போட்டாள். கூத்தருக்குச் சிரிப்பில் மோர் புரையேறியது.

"நாளைக்கு இவளை அவைக்குக் கூட்டிட்டு வா தாயி. தலை சீவி, பூ வச்சு."

மறுநாள் அவையில் விழா. 'உங்கள் ஆட்சியில் காது கேளாத பிள்ளை ஒன்றுகூட இல்லை, அதனால்தான் பள்ளி காலி' என்று பிரதானி சொல்லியிருந்தார். மகாராஜா குளிர்ந்துபோய் அவருக்குப் பொற்கடகமும் 'குறைதீர்த்த கோமான்' என்ற பட்டமும் தருவதாக இருந்தார்.

அவை கூடியது. குருவம்மாள் தூணோரம் மகளைப் பிடித்துக்கொண்டு நடுங்கி நின்றாள். மருதக்கூத்தர் எழுந்தார்.

"பிரதானியாரே, மூன்று முறை அழைத்தும் ஒருவர் வராவிட்டால்?"

"விருப்பமில்லை என்று பொருள்."

"யாராக இருந்தாலும்?"

"மகாராஜாவைத் தவிர யாராக இருந்தாலும்" என்றார் பிரதானி பெருமையாக.

"மகாராஜா, அப்படியானால் பட்டத்துக்கும் அதே முறையில் அழைக்கலாம். அழைக்க ஒரு ஆளையும் கொண்டுவந்திருக்கிறேன்" என்று கூத்தர் குருவம்மாளுக்குக் கண்காட்டினார். அவள் மகளை முன்னே அனுப்பினாள்.

பேச்சி அவை நடுவில் நின்றாள். மீசையை முறுக்கினாள், தொந்தியைத் தாங்கினாள், பொடி போட்டாள், 'வா' என்று கையை ஆட்டினாள். அவை குலுங்கியது. மகாராஜா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிரதானி மட்டும் கட்டியக்காரன் குரலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். பேச்சி இரண்டாம் முறை அழைத்தாள். மூன்றாம் முறையும் அழைத்தாள்.

"வரவில்லை" என்றார் கூத்தர். "விருப்பமில்லை போலிருக்கிறது. கடகத்தை உள்ளே வைத்துவிடலாம்."

பிரதானி பதறினார். "என்னை யார் அழைத்தது? இந்தப் பெண் கையையல்லவா ஆட்டினாள்! ஒருவனைக் கூப்பிட்டால் அவனுக்குத் தெரிகிற மாதிரி கூப்பிட வேண்டாமா?"

"இதைத்தானே எசமான் ரெண்டு மாசமா உங்க வாசல்ல சொல்லிக்கிட்டு இருக்கேன்" என்றாள் குருவம்மாள். நடுக்கம் எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை.

மகாராஜாவின் சிரிப்பு நின்றது. நடந்ததையெல்லாம் அவள் வாயாலேயே கேட்டார். பிறகு உத்தரவு போட்டார். பேச்சி இன்றே பள்ளியில் சேரட்டும். இனிமேல் அழைப்பு கிடையாது. பெற்றவர்கள் வந்து சொன்னால் போதும், அதிகாரி எழுந்து போய்ப் பிள்ளையைப் பார்க்க வேண்டும்.

"கடகத்தை என்ன செய்ய, கூத்தரே?"

"பிரதானிக்கே கொடுங்கள் மகாராஜா. அடுத்த மாதம் இதே முறையில் அழைத்து. அதுவரை போய்க் கைச்சாடை படிக்கட்டும். பள்ளியில்தான் நிறைய இடம் இருக்கிறதே."

மகாராஜா சிரித்த சிரிப்பில் சாமரம் வீசியவன் கையை நிறுத்திவிட்டான். கூத்தருக்கு ஒரு முத்துமாலை கிடைத்தது.

மறுநாள் காலை பள்ளியில் இரண்டு மாணவர்கள். வாத்தியார் எதிரே நின்று கையாலேயே பெயர் அழைத்தார். பேச்சி உடனே எழுந்தாள். பிரதானியை மூன்று முறை அழைத்துப் பார்த்தார். அவர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார்.

வாத்தியார் பேச்சியைப் பார்த்துக் கையை விரித்தார். பிரதானி இன்று வரவில்லை.