மருதாணி பூசிய சிறகு

அந்தக் காலத்தில் பறவைகளுக்கென்று சொந்த நிறம் கிடையாது. முட்டையை உடைத்துக்கொண்டு வரும்போது எல்லாம் ஒரே சாம்பல் நிறம்தான். பேசத் தெரியும், சண்டை போடத் தெரியும், மனது வைத்தால் படிக்கவும் தெரியும். நிறம் வேண்டுமென்றால் மட்டும் எதையாவது பூசிக்கொள்ள வேண்டும். குளித்தால் போய்விடும்.

ஆற்றுக்குக் கிழக்கே ஆலமரத்தில் ஒரு கல்லூரி, மேற்கே இலுப்பை மரத்தில் ஒரு கல்லூரி. காற்று பார்ப்பது, கூடு பின்னுவது, எந்தப் புழு வயிற்றைக் கலக்கும் என்று கண்டுபிடிப்பது, இவைதான் பாடம். பாதிப் பேர் தூங்குவார்கள். ஆனால் தை மாதம் அறுப்பு முடிந்து, இரண்டு கல்லூரிக்கும் நடுவில் சடுகுடு ஆட்டம் வரும்போது ஒருத்தனும் தூங்கமாட்டான்.

இலுப்பை மரத்துக்கு ஆடுகிறவர்கள் மைனாக்கள். செங்கல் பொடியைப் பூசிக்கொண்டு காவி நிறத்தில் இறங்குவார்கள். ஆலமரத்துக்கு நிறம் கறுப்பு. அணித் தலைவன் காக்கை. ஆட்டத்தன்று காலையில் மரத்துக்குப் பின்னால் இருக்கிற கரிமூட்டப் பள்ளத்தில் எல்லாரும் புரண்டு எழுவார்கள். அலகு எட்டாத முதுகுப் பக்கத்துக்கு ஒருத்தனுக்கு ஒருத்தன் பூசிவிடுவான். எத்தனை வருஷமாக என்று கேட்டால் ஆலமரத்துக்கே தெரியாது.

அந்தக் கறுப்புக்கு ஒரு வேலை இருந்தது. ஆட்டம் நடக்கிற ஆற்றுமேடு முழுக்கப் புழுதி மண். பாடிப் போகிறவன் எதிராளிகளைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது எது கிழக்கு, எது மேற்கு என்றே தெரியாது. அதனால் ஆலமரத்து அணியில் ஒருத்தன் நடுக்கோட்டை ஒட்டி, இரண்டு சிறகையும் அகல விரித்துக்கொண்டு நிற்பான். அதற்கு 'வீடு நிற்பது' என்று பெயர். புழுதிக்குள் கறுப்பு எங்கே தெரிகிறதோ அதுதான் வீடு. கண்ணை மூடிக்கொண்டு அதன்மேல் போய் விழ வேண்டியதுதான்.

வீடு நின்றவன் கரும்போத்து. அவனுடைய சிறகுதான் அணியிலேயே அகலம். பாடிப் போகிறவன் கரிச்சான். கடுகளவு உடம்பு, காற்றைப் போன்ற வேகம், நீளமாக ஒரே வால். மூன்று வருஷமாக அவனை யாரும் பிடித்ததில்லை. இரண்டு பேரும் ஒரே வகுப்பு, ஒரே கிளை. புழு கிடைத்தால் ஆளுக்குப் பாதி.

அந்த வருஷத்தோடு இருவருக்கும் படிப்பு முடிகிறது.

ஆட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது மைனாக்கள் ஆற்றுமேட்டில் ஆடிப் பழக வந்தார்கள். கண்ணைச் சுற்றியும் காலிலும் மஞ்சளைக் குழைத்துப் பூசியிருந்தார்கள். வேடிக்கை பார்க்கிற கிளிகளுக்கு அதைப் பார்த்ததும் தலைகால் புரியவில்லை. "பாருடி, எவ்வளவு எடுப்பா இருக்காங்க" என்று ஒரு கிளி சொல்ல, இன்னொன்று ஆலமரத்துப் பக்கம் திரும்பி, "இவங்களும் இருக்காங்களே, அடுப்புல விழுந்து எந்திரிச்ச மாதிரி" என்றது. எல்லாரும் சிரித்தார்கள். காக்கை காதில் போட்டுக்கொள்ளவில்லை. கரிச்சானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தான். கரும்போத்துக்கு மட்டும் அது நெஞ்சில் தைத்துவிட்டது.

"நாமளும் ஏதாவது மாத்தலாம்ணே" என்றான் காக்கையிடம்.

"எதுக்கு?"

"அவங்க மாத்தியிருக்காங்களே."

"அவன் மஞ்சளைக் கண்ணோரத்துலதானே வச்சிருக்கான்? உடம்புக் காவியைத் தொட்டானா? போய் வேலையைப் பாரு."

கரும்போத்து போய்ப் பார்த்த வேலை இதுதான். ஆட்டத்துக்கு முந்தின சாயங்காலம் ஆற்றங்கரை மருதாணிச் செடியிலிருந்து இலையைப் பறித்து, கல்லில் வைத்துக் காலால் அரைத்து, இரண்டு சிறகிலும் அப்பிக்கொண்டான். விடியற்காலையில் உதிர்த்துப் பார்த்தால், ஆகா, சிறகு இரண்டும் பழுத்த ஆரஞ்சு நிறத்தில் தகதகவென்று இருந்தன. ஆற்றுத் தண்ணீரில் தன்னைத் தானே பார்த்துக்கொண்டான். கிளிகள் என்ன சொல்லும் என்று ஒருமுறை மனதுக்குள் சொல்லியும் பார்த்துக்கொண்டான்.

கரிப்பள்ளத்தில் அவன் சிறகைத் தவிர்த்து உடம்புக்கு மட்டும் கரி பூசுவதைக் கண்டு காக்கைக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னடா இது? கழுவிட்டு வா."

"கழுவினா போகாதுண்ணே, மருதாணி. அதுவும் நல்லதுக்குத்தான். கறுப்பை விட இது பளிச்சுன்னு தெரியும். கரிச்சான் கண்ணுல சட்டுனு படும்."

"அப்போ நீ ஓரமா ஆடு. நீர்க்காகம் வீடு நிக்கட்டும். அவன் சிறகும் பெருசுதான்."

கரும்போத்தின் முகம் விழுந்துவிட்டது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் கரிச்சான் முன்னால் வந்தான்.

"விடுங்கண்ணே. பாடிப் போறவன் நான்தானே? எனக்கு எந்த நிறமா இருந்தாலும் பரவாயில்ல. இவன் எங்க நிக்கிறானோ அதான் எனக்கு வீடு."

அதற்கு மேல் காக்கை என்ன சொல்லுவான்? தலையை ஒருமுறை உதறிவிட்டுப் போய்விட்டான்.

ஆட்டம் தொடங்கியது. கிளிகள் கரும்போத்தைப் பார்த்ததும் கிளையிலிருந்து விழாத குறைதான். அவன் சிறகை விரிக்கும்போதெல்லாம் ஓவென்று ஒரு சத்தம். தேவைக்கு மேலேயே நாலு தடவை விரித்தான். காலை முழுக்கக் கரிச்சான் போனதும் வந்ததும் மின்னல் மாதிரி இருந்தது. புழுதிக்குள் ஆரஞ்சு நிறம் விளக்காகத் தெரிந்தது என்று அவனே வந்து சொன்னான்.

மருதாணி பூசிப் பழகிய யாரையாவது கரும்போத்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். உதிர்த்த உடனே இருக்கிற நிறம் அதன் நிறமே இல்லை. வெயில் ஏற ஏற, வேர்க்க வேர்க்க அது இருண்டுகொண்டே போகும்.

உச்சிவேளை இடைவெளியில் தண்ணீர் குடிக்கக் குனிந்தவன், ஆற்றில் ஒரு மைனா தன்னைப் பார்ப்பதைக் கண்டு திடுக்கிட்டுப் பின்னால் நகர்ந்தான். மறுபடி எட்டிப் பார்த்தான். மைனா இல்லை, அவனேதான். சிறகு இரண்டும் செங்கல் காவியாக மாறியிருந்தன.

இங்கேதான் எனக்கு அவன்மேல் வருத்தம். மருதாணி பூசியதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டேன், படிக்கிற வயதில் அலங்காரத்துக்கு ஆசைப்படாதவன் யார்? ஆனால் கண்ணால் பார்த்துவிட்டானே. நீர்க்காகம் பக்கத்துப் பாறையில் சும்மாதான் உட்கார்ந்திருந்தான். "டேய், கொஞ்சம் நீ நில்லு" என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகுமா? சொன்னால் காக்கை, "காலையிலேயே சொன்னேனே" என்பான். கிளிகள் சிரிக்கும். இன்னும் கொஞ்ச நேரந்தானே, சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைத்து, சிறகை மடக்கிக்கொண்டு அவன் நடுக்கோட்டுக்கே திரும்பிப் போனான்.

பிற்பகலில் புழுதி அதிகம் கிளம்பவில்லை, கரும்போத்தும் சிறகை விரிக்காமலே சமாளித்துவிட்டான். பொழுது சாய்கிற நேரம். இரண்டு பக்கமும் சரிசமம். கடைசிப் பாட்டு கரிச்சானுக்கு. இதில் ஒருத்தனைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் ஆலமரம் ஜெயித்துவிடும், பிடிபடாதவன் என்ற பெயரோடு அவனும் கல்லூரியை விட்டுப் போகலாம்.

"சடுகுடு சடுகுடு சடுகுடு" என்று ஒரே மூச்சில் பாடிக்கொண்டு போனான். தாழப் பறந்து ஒரு மைனாவின் காலைத் தொட்டான். திரும்பும் வேகத்தில் இன்னொருத்தன் தோளையும் தட்டிவிட்டான். மைனாக்கள் மொத்தமாகப் பாய்ந்ததில் புழுதி ஆள் உயரத்துக்குக் கிளம்பியது. கரிச்சான் அந்தப் புழுதிக்குள் இரண்டு சுற்றுச் சுற்றி, மூச்சு முட்ட, கண் நிறைய மண்ணோடு, எதிரே பார்த்தான்.

எதிரே காவிச் சிறகு விரிந்து நின்றது.

அவனுக்குத் தெரிந்த காவி மைனாக்களின் காவிதான். தப்பான பக்கம் வந்துவிட்டோம் என்று பதறி அப்படியே திரும்பினான். வீட்டுக்கு மூன்றடி தூரத்தில் நின்றவன், முதுகைக் காட்டிக்கொண்டு மைனாக்களின் நடுவிலேயே போய் விழுந்தான். கரும்போத்து, "இங்கடா" என்று கத்தியிருக்கலாம். கத்தவில்லை. இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் நாலு பேர் கரிச்சானின் வாலைப் பிடித்து இழுத்தார்கள். மூச்சு அறுந்தது. வால் நடுவில் இரண்டாகப் பிளந்தது.

ஆட்டம் முடிந்து புழுதி அடங்கியபோது எல்லார் மேலும் ஒரே மண். யார் கறுப்பு, யார் காவி என்று அடையாளமே தெரியவில்லை. கிளிகள் மட்டும் விடவில்லை. "வீட்டைப் பார்த்துப் பயந்து ஓடினவனை இன்னைக்குத்தான் பாக்குறோம்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தன.

காக்கை கரிச்சானைத் தூக்கி நிறுத்தினான். "என்னடா ஆச்சு உனக்கு?"

"வீட்டையே காணோம்ணே."

காக்கை கரும்போத்தின் பக்கம் திரும்பினான். "நீ இடத்துலதானே நின்ன?"

"நின்னேன்ணே."

"சிறகை விரிச்சியா?"

"விரிச்சேன்ணே."

இரண்டும் உண்மை. சொல்லி முடித்து அவன் சிறகை இன்னும் இறுக்கி மடக்கிக்கொண்டு நீர்க்காகத்துக்குப் பின்னால் போய் நின்றான்.

இருட்டுவதற்கு முன்னால், நடக்க முடியாமல் நடந்து கரிச்சான் அவனைத் தேடி வந்தான். பிளந்த வாலின் இரண்டு பாதியும் ஆளுக்கொரு பக்கம் இழுபட்டுக்கொண்டு வந்தன.

"மாப்ளே, மன்னிச்சிக்கடா."

கரும்போத்து நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நீ நின்னுதான் இருக்க. எனக்குத்தான் தெரியல. என் கண்ணுல ஏதோ கோளாறு. காலைல எல்லார் முன்னாடியும் உனக்காகப் பேசிட்டு, சாயங்காலம் உன்னையே அசிங்கப்படுத்திட்டேன். இனிமே ஆட்டத்துப் பக்கமே நான் வரமாட்டேன்."

கரும்போத்துக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. "உன் கண்ணு நல்லாத்தான்டா இருக்கு, நான்தான்" என்று ஐந்தே வார்த்தை. அந்த ஐந்து வார்த்தையைச் சொல்ல முடியாமல் காலடி மண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கரிச்சான் போய்விட்டான்.

மறுநாள் காக்கை ஒரு கட்டளை போட்டான். கறுப்பு அணியில் யாரும் இனிமேல் கரியைக் கழுவக் கூடாது. பூசியது பூசியபடியே தோலில் ஊறட்டும், யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது. மைனாக்கள் ஜெயித்த பெருமையில் தங்கள் காவியையும் மஞ்சளையும் கழுவாமல் வைத்துக்கொண்டார்கள். அப்படித்தான் அந்த நிறங்கள் நிலைத்துப்போயின.

கரும்போத்து அங்கே இல்லை. சிறகை ஆற்றுமணலில் தேய்த்துக்கொண்டிருந்தான். தோல் எரிந்ததே தவிர மருதாணி போகவில்லை. கரிப்பள்ளத்தில் புரண்டான். உடம்பெல்லாம் கரி பிடித்தது, சிறகில் மட்டும் ஒட்டாமல் உதிர்ந்தது. அழுது அழுது கண் இரண்டும் குன்றிமணி போலச் சிவந்துவிட்டன. அவன் வராததால் வீடு நிற்கிற வேலை நீர்க்காகத்துக்குப் போனது. இன்றைக்கும் நீர்க்காகம் தண்ணீர் ஓரத்துப் பாறையில் இரண்டு சிறகையும் விரித்துக்கொண்டு நிற்கிறதே, பார்த்திருப்பீர்கள்.

நாலாம் நாள் எப்படியும் சொல்லிவிடுவது என்று கரும்போத்து கிளம்பினான். பறந்தால் சிறகு எல்லார் கண்ணிலும் படும். அதனால் புதருக்குள் புகுந்து நடந்தே போனான். ஆற்றுமேட்டை ஒட்டின வேலி வந்தது. அந்தப் பக்கம், வெட்டவெளியில் ஒரு மொட்டைக் குச்சியில் கரிச்சான் தனியாக உட்கார்ந்து நாலு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தான். கண் சரியாகத் தெரிகிறதா என்று தூரத்தில் போகிற பூச்சியையெல்லாம் பாய்ந்து பிடித்துச் சோதித்துக்கொண்டிருந்தான். ஒன்றுகூடத் தப்பவில்லை. ஒவ்வொரு தடவையும் குச்சிக்குத் திரும்பி வந்து, ஒன்றும் புரியாதவன் போலத் தலையைச் சாய்த்தான்.

வேலியைத் தாண்டினால் பத்தடி. கரும்போத்தால் தாண்ட முடியவில்லை. வாயைத் திறந்தான். சொல்ல வந்தது வரவில்லை. அடிவயிற்றிலிருந்து, பாடிப் போகிறவன் மூச்சைப் பிடித்துப் பாடுவது போல, "உக் உக் உக் உக்" என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது.

கரிச்சான் சட்டென்று திரும்பினான். "யாரது? மாப்ளே, நீயா?"

கரும்போத்து தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

அந்த நாளிலிருந்துதான் அவனுக்குச் செம்போத்து என்று பெயர். அன்றிலிருந்துதான் கரிய உடம்பும் காவிச் சிறகும் சிவந்த கண்ணுமாக, பறக்கத் தெரிந்தும் பறக்காமல் வேலிக்குள்ளேயே நடந்து திரிகிறான். உள்ளே இருந்து மூச்சு முடிகிறவரை கூப்பிடுவான், யாராவது நின்று பார்த்தால் நிறுத்திவிடுவான். பிளந்த வாலோடு வெட்டவெளிக் குச்சியில் உட்கார்ந்திருக்கிற கரிச்சான், தன் கண்ணில்தான் கோளாறு என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறான்.