கோமதியின் குரல் திக்குகிறது

"என் மக குரல் திக்குது. அதைச் சரிபண்ணணும்" என்றார் ஆவுடையப்பன்.

குருவம்மாள் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அதுக்கு மகளை டாக்டர்கிட்டல்ல கூட்டிட்டுப் போகணும் அண்ணாச்சி."

"மக இங்க இல்ல. குரல் மட்டுந்தான் இருக்கு."

இப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

ராஜபாளையத்தில் ஓர் உரக்கடை மாடியில் உட்கார்ந்திருக்கும் இந்தக் குருவம்மாளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பேசுகிற வீடுகளுக்கு வைத்தியம் பார்ப்பவள். விளக்கும் விசிறியும் கதவும் தண்ணீர்த் தொட்டியும் கம்ப்யூட்டரிடம் சொல்ல, கம்ப்யூட்டர் அதை மனுஷக் குரலில் நம்மிடம் சொல்லுகிற வீடுகள் நம் பக்கமும் வந்துவிட்டன அல்லவா? அப்படி ஒரு வீடு ஊமையானாலும் சரி, உளறினாலும் சரி, ஆட்கள் அந்த மாடிப்படிதான் ஏறுவார்கள். பெயரிலேயே குரு இருக்கிறதா, வருகிறவர்களெல்லாம் சிஷ்யர்களாகிவிடுவார்கள். ஆனால் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லிவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

ஆவுடையப்பன் ஸ்பின்னிங் மில்லில் சூப்பர்வைசராக இருந்தவர். வாழ்க்கை முழுக்க மெஷின் சத்தத்திலேயே நின்ற மனுஷன். மனைவி எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டாள். சர்க்கரை நோய் கண்ணையும் கொண்டுபோய்விட்டது. நிழல் தெரியும், முகம் தெரியாது.

கம்ப்யூட்டர் படித்த மகள் கோமதிதான் அவருக்காக வீட்டைப் பேச வைத்தாள். பக்கம் பக்கமாகப் படித்துப் பதிவு செய்து, எந்த எழுத்தைக் கொடுத்தாலும் தன் குரலிலேயே வீடு சொல்லும்படி செய்து கொடுத்தாள்.

அப்புறம் அவள் போய்விட்டாள். குரல் இருந்துவிட்டது.

"எப்படித் திக்குது?" என்றாள் குருவம்மாள்.

"'அப்பா, கேஸ் எரியுது'ன்னு சொல்லணும். 'அப்... அப்... அப்பா'ன்னு இழுக்குது."

"எந்நேரமுமா?"

"அப்பப்ப. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ரொம்ப மோசம். அன்னைக்குப் பிள்ளை பேச முடியாமத் தவிக்குது. கேக்கச் சகிக்கல."

"எப்பருந்து?"

"கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன் புதுசா ஒண்ணை ஏத்திவிட்டான்ல, அப்பருந்து. அது ஒரு ஆம்பளைக் குரல். வாசல்ல ஆள் வந்தா, போன் வந்தா, தொட்டி நிறைஞ்சா, இனிமே அந்தத் தடியன்தான் சொல்லுவானாம். இவ பேசிக்கிட்டு இருக்கும்போதே அவனும் பேசுவான். ரெண்டும் ஒண்ணாக் கேட்டா எனக்கு ஒரு எழவும் புரியல. கம்பெனிக்காரனைக் கூப்பிட்டு ஒரு சத்தம் போட்டேன்."

"வந்தானா?"

"வந்தான். மக குரலுக்குத்தான் முதல் இடம், நான் வீட்ல முழிச்சிருக்கையில அவ பேசி முடிச்சு வீடு அரை நிமிஷம் அமைதியா இருந்தாத்தான் மத்தவன் வாயைத் திறக்கணும்னு வச்சிட்டுப் போனான்."

"அப்புறம் அவன் பேசினானா?"

"மூச்சு விடல."

"அப்போ சரியாப்போச்சே."

"எங்க சரியாப்போச்சு? உள்ளயே நின்னு முட்டுறான்மா. அவன் முட்டும்போதெல்லாம் இவ திக்குறா. அவனை வேரோட பிடுங்கிப் போட்டுரு."

குருவம்மாள் ஒரு கொட்டையைத் தட்டில் போட்டாள்.

"இல்லாட்டி எனக்குச் சொல்லிக்கொடு" என்றார் ஆவுடையப்பன். "உன்கிட்டச் சிஷ்யனாச் சேந்துக்கறேன். அவ குரலை நானே பாத்துக்கறேன். அது ஒண்ணுதான்மா எனக்கு மிச்சம்."

"சரி. முதல் பாடம். வீட்டுக்குப் போயி ஒரு நிமிஷம் வீட்டைச் சும்மா இருக்கச் சொல்லுங்க."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

அவருக்கு எரிச்சலாக வந்தது. இதற்கா இவ்வளவு படி ஏறினோம் என்று முனகிக்கொண்டே, கைப்பிடியைத் தடவித் தடவி இறங்கினார்.

*

வாசலில் கால் வைத்ததுமே வீடு பேசியது.

"அப்பா, வந்துட்டீங்களா? செருப்பை ஓரமா விடுங்க."

இது கோமதி வைத்துவிட்டுப் போனதல்ல. அவர் வைத்தது. அவள் வைத்தது கேஸ், தண்ணீர்க் குழாய், வாசல் கதவு என்று கொஞ்சந்தான். அவள் போன பிறகு வீடு ரொம்ப நேரம் சும்மாவே கிடந்தது. மில்லில் நின்ற காதுக்கு அது தாங்கவில்லை. ஜன்னலைத் திறந்தால் சொல்லு என்றார். நாற்காலியில் உட்கார்ந்தால் சொல்லு, எழுந்தால் சொல்லு என்றார். என்ன சொல்ல வேண்டும் என்பதையும் அவரே வாய்விட்டுச் சொல்லிக்கொடுத்தார். வீடும் அப்படியே எழுதி வைத்துக்கொண்டு அவள் குரலில் சொல்லியது.

"அப்பா, தலையைத் துவட்டினீங்களா?"

"அப்பா, தண்ணி குடிங்க."

சொல்லுவதற்கு எதுவும் இல்லாத நேரங்களில் ஃப்ரிட்ஜைத் திறப்பார். எடுக்க ஒன்றும் இருக்காது. "அப்பா, ஃப்ரிட்ஜ் திறந்திருக்கு" என்று அவள் சொல்வாள். மூடுவார். பத்து எண்ணுவதற்குள் மறுபடி திறப்பார்.

ஒரு நாள் மனசு கேட்காமல், "அப்பா, எனக்கு உங்க மேல கோவமே இல்லப்பா" என்று சொல்லிக்கொடுத்தார். குரல் சொன்னது. ஒரு எழுத்துப் பிசகாமல் அப்படியே சொன்னது. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. அதற்கப்புறம் அதைச் சொல்ல வைக்கவும் இல்லை.

இப்போது ஹாலின் நடுவில் நின்றார். வீட்டை நிறுத்துவதற்கு ஒரு வார்த்தை உண்டு. அதையும் கோமதிதான் விளையாட்டாக வைத்திருந்தாள். 'கோமதி, சும்மா இரு' என்று சொன்னால் போதும், மறுபடி கூப்பிடும்வரை வாயே திறக்காது.

வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை.

போய் ஃப்ரிட்ஜைத் திறந்தார்.

*

"பாடம் முடிஞ்சதா?" என்றாள் குருவம்மாள்.

"அது என்னம்மா பாடம்? என் வியாதி என்ன, உன் மருந்து என்ன? நான் திக்குதுன்னு சொல்றேன்..."

"இந்த வருஷம் புளி நல்லால்ல அண்ணாச்சி" என்றாள் அவள்.

"...நீ வீட்டையே ஊமையாக்குங்கிற. அதுக்கு நான்..."

"கொட்டைதான் அதிகம்."

"...இங்க வரணுமா? இந்தக் கண்ணை வச்சுக்கிட்டு..."

"பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க, ஆனா நாந்தான்..."

"ஏம்மா, நான் பேசும்போது நீ ஏன் குறுக்க பேசுற?"

"உங்ககிட்ட ஒண்ணு சொல்ல வந்தேன். நீங்க நிறுத்தல."

"சரி, நிறுத்திட்டேன். என்ன சொல்ல வந்தே?"

"மறந்துபோச்சு" என்றாள் குருவம்மாள்.

ஆவுடையப்பன் கோபத்தோடு கைத்தடியைத் தரையில் ஊன்றினார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

அவளே கேட்டாள்.

"மக எங்க இருக்கு?"

"புனேல. அவளுக்குப் பிடிச்சவனையே கட்டிக்கிட்டா. வேற சாதி, வேற ஊரு. நான் ஒத்துக்கல. நின்னு நிதானமா விளக்கிச் சொல்ல வந்தா. 'கோமதி, சும்மா இரு'ன்னேன். ஒரு பேச்சுப் பேச விடல. போகும்போது, போன்கூடப் பண்ணாதேன்னேன்."

"பண்ணலையா?"

"இல்ல. எப்பவும் என் பேச்சைக் கேக்காதவ, அந்த ஒரு பேச்சை மட்டும் கேட்டுட்டா."

இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

"நீங்க கூப்பிடலையா?"

"என்ன மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கூப்பிட?"

"வேற யாரும் உங்களைக் கூப்பிடுறது உண்டா?"

"ஒரு ஈ காக்கா கிடையாது. ஊரே மறந்துட்டுது. எங்கிட்ட இருக்கிற போனு மேசை மேல கிடக்கிற செங்கல்லு மாதிரிதான். அதை எடுத்துக் காதுல வச்சுப் பழக்கமில்ல. இன்னார் கூப்பிடுறாங்கன்னு வீடுதான் சொல்லும், எடுன்னா எடுக்கும். இப்ப அதுக்கும் வேலையில்ல. வாசல் பெல்லுகூட யாரும் அடிக்கிறதில்ல. பால்காரர் மட்டும் கதவை உடைக்கிற மாதிரி தட்டுவாரு."

குருவம்மாள் புளித் தட்டை நகர்த்தி வைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"வாங்க போகலாம்" என்றாள்.

*

அவள் வீட்டுக்குள் வந்து எதையும் கழற்றவில்லை. கம்ப்யூட்டரைத் தொடவும் இல்லை. ஹாலில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்பா, நாற்காலி நகருது" என்றது வீடு.

ஆவுடையப்பன் முகம் மலர்ந்தது. "கேட்டியா? எப்படி இருக்கு?"

"அழகான குரல்."

"அப்பா, ஃபேன் ஓடுது. அப்பா, ஜன்னல் திறந்திருக்கு."

"இப்படியே பேசிக்கிட்டே இருக்குமா?"

"இருக்கும்" என்றார் பெருமையாக. "ஒரு நொடி விடமாட்டா."

"அப்... அப்... அப்பா, தண்ணி..."

அவர் முகம் சுருங்கியது. "இதோ. வந்துட்டான் பாரு. எடுத்துரும்மா அவனை."

"எடுத்துடுறேன்" என்றாள் குருவம்மாள். "ஒரே நிமிஷ வேலை. அதுக்கப்புறம் ஜென்மத்துக்கும் திக்காது. ஆனா எடுக்கிறதுக்கு முந்தி, முட்டுறவன் என்ன சொல்ல வந்தான்னு ஒரு தடவை கேட்டுரலாமா?"

"அவன் சொல்லி எனக்கென்ன ஆகப்போகுது?"

"ஒண்ணும் ஆகலன்னா எடுத்துடுவோம். வீட்டைச் சும்மா இருக்கச் சொல்லுங்க."

"நீ சொல்லேன்."

"உங்க குரலுக்குத்தானே அது அடங்கும்?"

அவர் நின்றார். அந்த வார்த்தையை அவர் ஒருமுறை சொன்னார், பிள்ளை போய்விட்டது. இன்னொருமுறை சொன்னால் இதுவும் போய்விடுமோ என்று பயம்.

"அப்பா, ஜன்னல் திறந்திருக்கு. அப்பா..."

"கோமதி" என்றார். "கோமதி, சும்மா இரு."

வீடு நின்றது.

ஃபேன் மட்டும் சுற்றியது. தெருவில் ஒரு மீன்காரர் சைக்கிளில் கூவிக்கொண்டு போனார். இந்தத் தெருவில் மீன்காரர் வருவதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கை தானாக ஃப்ரிட்ஜ் பக்கம் நீண்டது. குருவம்மாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அரை நிமிஷம் ஆயிற்று.

"தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டது" என்றது அந்த ஆண் குரல். காத்திருந்து காத்திருந்து தேங்கிப்போனதையெல்லாம் வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தது.

"வாசலில் ஆள் வந்திருக்கிறார்."

"தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டது."

"கோமதி அழைக்கிறார்."

ஆவுடையப்பன் எழுந்துவிட்டார். "எடு" என்றார். "எடு, எடு."

"இப்போது அழைப்பு எதுவும் இல்லை" என்றது குரல். பிறகு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

"வாசலில் ஆள் வந்திருக்கிறார்."

"கோமதி அழைக்கிறார்."

"எடு."

"இப்போது அழைப்பு எதுவும் இல்லை."

"கோமதி அழைக்கிறார்."

"கோமதி அழைக்கிறார்."

அவர் ஒவ்வொன்றுக்கும் எடு என்றார். அப்புறம் சொல்வதை விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். குரல் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனது.

"இதெல்லாம் எப்ப வந்தது?" என்று கேட்டார்.

"நீங்கதானே அண்ணாச்சி சொன்னீங்க" என்றாள் குருவம்மாள்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம்" என்றார் அவரே. "அப்போ அவன் முட்டல. இவதான்..."

முடிக்க முடியாமல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். வீட்டில் அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது. அதற்கு அப்பா என்று குறுக்கே சொல்ல ஆள் இல்லை.

அழுது முடித்த பிறகு, "எடுத்துரட்டுமா அண்ணாச்சி?" என்றாள் குருவம்மாள்.

அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமிச் சரிசெய்துகொண்டு வீட்டைப் பார்த்துச் சொன்னார்.

"கோமதியைக் கூப்பிடு."

"அழைக்கிறேன்" என்றான் அந்தத் தடியன்.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. ஆவுடையப்பன் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். குருவம்மாள் மெல்ல எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினாள்.

மணி நின்றது.

"அப்... அப்... அப்பா?"

புனேயிலிருந்து வந்த குரலும் திக்கியது. வேறு எதுவும் வராமல் அங்கேயே நின்றது.

"சொல்லு தாயி" என்றார் ஆவுடையப்பன். "நான் சும்மா இருக்கேன்."