கம்பியில் தேடும் விரல்

குருவுக்கு வயது முப்பத்திரண்டு. சீடருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பாதி மனத்தாங்கல் அங்கேயே ஆரம்பம்.

குரு லாசருக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. சாந்தோம் பக்கம் ஒரு ஹோட்டலில் ஞாயிறு மதியம் ஜாஸ் வாசிக்கிற குழுவில் அவர்தான் கிதார். சின்ன வயதில் மாமா ஒருவர் கிதாரைக் கொண்டுவந்து மடியில் கிடத்திவிட்டுப் போய்விட்டார். அதை எப்படிப் பிடிப்பது என்று யாரும் சொல்லித்தரவில்லை. இன்றைக்கும் அது மடியில்தான் கிடக்கும். ஆர்மோனியக் கட்டையை அழுத்துகிற மாதிரி மேலேயிருந்து கம்பியை அழுத்துவார். உச்ச ஸ்வரத்துக்குப் போகுமுன் அவர் விரல் கம்பியோடு சர்ரென்று உரசிக்கொண்டு போகும், அப்புறம்தான் ஸ்வரம் பேசும். அந்த இழுப்பைக் கேட்கவே ஆட்கள் வந்தார்கள்.

பாக்கியநாதனும் அதற்காகத்தான் வந்தார். பள்ளிக்கூடத்துப் பாட்டு வாத்தியார் வேலையை உதறிவிட்டு வந்தார். குழுவில் இரண்டாவது கிதார் கொடுத்தார்கள். ஆனால் குரு ஒரு மண்ணும் சொல்லித்தரவில்லை. "வாசிங்கண்ணே" என்பார், கேட்பார், தலையாட்டுவார், அவ்வளவுதான். அந்த இழுப்பைச் சொல்லிக்கொடுங்கள் மாஸ்டர் என்று கேட்டால் மட்டும் முகம் இறுகிவிடும். கேட்டுக் கேட்டுப் பாக்கியநாதனுக்கு வயிறெரிந்தது.

இதில் லாசர் குழுவை விட்டு பெங்களூருக்குப் போகப்போகிறார். அவருடைய முதல் கிதார் நாற்காலி பாக்கியநாதனுக்கா, வெளியாளுக்கா என்பதை அவர் வாய்தான் சொல்ல வேண்டும். வெளியாள் என்றால் இரண்டாவது கிதாருக்கும் தன் ஆளையே கூட்டிவருவார், இவர் நடுத்தெருவில்தான் நிற்க வேண்டும்.

நீ சொல்லித்தராவிட்டால் போ என்று, பாக்கியநாதன் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தானே பழகினார். கிதாரை மடியில் கிடத்தினார். துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டார். விரல் தோலுரிந்தது. சாப்பாடு வைத்துக் காத்திருந்து அலுத்துப்போன மனைவி, உங்களுக்கென்ன கிறுக்கா என்று கேட்டேவிட்டாள். அவர் விடவில்லை. கடைசியில் அந்த இழுப்பு அப்படியே வந்துவிட்டது.

ஜாஸில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆளாளுக்கு முறை வரும். முறை வந்தவர் மனதில் தோன்றுவதைச் சொந்தமாக வாசிக்க வேண்டும். அந்த ஞாயிறு பாக்கியநாதன் தன் முறை வந்ததும் கிதாரை மடியில் கிடத்தினார், கண்ணை மூடினார், உச்ச ஸ்வரத்துக்கு முன்னால் விரலை உரசி இழுத்தார். கூட்டம் கைதட்டியது.

லாசர் வாசிப்பை நிறுத்தினார். கிதாரைக் கீழே வைத்தார். எழுந்து, கைத்தடியைத் தட்டிக்கொண்டு சமையல்கட்டு வழியாக வெளியே போய்விட்டார். இத்தனை பேர் பார்க்க, பாட்டு பாதியில் இருக்க! டிரம்ஸ்காரர்தான் எப்படியோ பாட்டை முடித்துவைத்தார்.

பாக்கியநாதனுக்கு ரத்தம் தலைக்கேறியது. பின்கட்டுக்கு ஓடினார். லாசர் அங்கே சிமென்ட் திண்டில் உட்கார்ந்து, சமையல்காரரிடம் இரண்டு டீ சொல்லிக்கொண்டிருந்தார்.

"சபையில வெச்சு என் மானத்தை வாங்கிட்டீங்களே மாஸ்டர். நாற்காலி இல்லைன்னா வாயால சொல்ல வேண்டியதுதானே?"

டீ வந்தது. சமையல்காரர் இரண்டு கிளாஸையும் திண்டில் வைத்துவிட்டுப் போனார். லாசரின் கை திண்டைத் தடவிக்கொண்டு வந்தது, சூடான கண்ணாடியில் பட்டு வெடுக்கென்று பின்வாங்கியது, மறுபடி மெல்ல வந்து விளிம்பைப் பிடித்தது. பாக்கியநாதன் தன் கிளாஸை வெடுக்கென எடுத்து ஒரு மடக்கு குடித்தார்.

"எடுத்துட்டீங்களா அண்ணே?"

"எடுத்துட்டேன்."

"தடவிப் பார்க்கலையே?"

"எதுக்குத் தடவணும்? கண்ணெதிர்லதானே இருக்கு."

லாசர் கிளாஸைக் கீழே வைத்தார். வைத்த வேகத்தில் டீ திண்டில் சிந்தியது. இதுவரை யாரிடமும் குரல் உயர்த்தாத மனுஷர், இப்போது உயர்த்தினார்.

"நாற்காலி உங்களுக்குத்தான்னு நேத்தே மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன். இத்தனை நாளா நீங்க உங்க பாணியில வாசிச்சதைக் கேட்டுட்டுத்தான் சொன்னேன்."

பாக்கியநாதன் கிளாஸைத் திண்டில் வைத்தார்.

"அந்த உச்ச ஸ்வரம் கம்பியில எங்க இருக்குன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது அண்ணே. ஒவ்வொரு தடவையும் பயந்து பயந்து தேடுறேன். தேடுற சத்தம்தான் அந்த இழுப்பு. நீங்க எதைத் தேடினீங்க?"

உள்ளே அடுத்த பாட்டுக்கு டிரம்ஸ் ஆரம்பித்துவிட்டது.