சந்தியாகுவின் கால்

மாதா கோயில் பெலிக்ஸ் சாமியிடம் பாடம் கேட்க வந்தவர்களில் மூத்தவர் சந்தியாகு. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சாமிக்கு உதவியாக ஜெபமும் வேதமும் சொல்லித்தரும் உபதேசியார் ஆக வேண்டும் என்று ஆசை. சாமிக்கு அப்பா வயது இருக்கும். ஆனாலும் அவர் முன்னால் கைகட்டித்தான் உட்காருவார்.

தவக்காலத்தில் ஒரு நாள் கேட்டார். "சாமி, முன்பின் தெரியாதவங்க மேல அன்பு காட்டணும்னு சொல்றீங்க. எனக்கு அது வர மாட்டேங்குது."

"ஏன் ஐயா?"

"ஆயுசு பூரா தெரியாதவங்ககூடத்தான் பஸ்ல போனேன். திட்டத்தான் வருது. இந்த லட்சணத்துல நான் எங்க உபதேசியார் ஆகறது?"

"பெரிய வியாழனுக்குப் பன்னிரண்டு பேர்ல நீங்களும் உட்காருங்க" என்றார் சாமி.

சந்தியாகுவுக்குக் கண் கலங்கிவிட்டது. இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைத்து, அன்று மாலைப் பூசையில் சாமியார் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவுவார். அந்த வரிசையில் இடம் கிடைப்பது அந்த ஊரில் பெரிய மரியாதை. மரியாதைக்குத் தக்க கூத்தும் உண்டு. ஊரே பார்க்கப் போகிற காலாயிற்றே என்று, பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே சோப்புப் போட்டு, கல்லில் தேய்த்து, நகம் வெட்டிப் பளபளவென்று கொண்டுவருவார்கள். சாமியார் கழுவ ஒன்றும் மிச்சம் இருக்காது. மணி அடித்த பிறகும் யாராவது வராவிட்டால் அந்த நாற்காலியில் உட்கார, இஸ்திரி போட்ட சட்டையோடு இன்னொருவர் காத்திருப்பார்.

சந்தியாகுவும் தேய்க்க வேண்டிய மட்டும் தேய்த்துவிட்டு, வேட்டியைத் தூக்கிப் பிடித்து, புழுதி படாமல் பூனை மாதிரி நடந்து வந்தார்.

வழியில் வாய்க்கால் சேற்றுக்குள் ஒரு மொபெட் கவிழ்ந்து கிடந்தது. பிளாஸ்டிக் குடம் விற்கிற ஆள், எந்த ஊரோ. கலர் கலராகக் குடங்கள் இறைந்து கிடக்க, வண்டியை ஒற்றை ஆளாய் நிமிர்த்த முடியாமல் திணறிக்கொண்டிருந்தான்.

"பெரியவரே, ஒரு கை குடுங்களேன்."

"கோயிலுக்குப் போறேன்ப்பா. யாராச்சும் வருவாங்க."

சொல்லிவிட்டு நாலு எட்டு வைத்தார். யார் வருவார்கள்? ஊர் மொத்தமும் கோயிலில் அல்லவா இருந்தது. மணி அடிக்க ஆரம்பித்தது.

சந்தியாகுவுக்கு அழாத குறை. செருப்பை உதறிவிட்டுச் சேற்றில் இறங்கினார்.

"கண்ணை எங்கய்யா வச்சிருந்த? இவ்வளவு சுமையை இந்த வண்டியில ஏத்தலாமா? பிடி. அங்க இல்ல, இங்க பிடி."

வாய் ஓயவே இல்லை. திட்டிக்கொண்டே வண்டியைத் தூக்கி நிறுத்தினார். திட்டிக்கொண்டே குடங்களைப் பொறுக்கிக் கொடுத்தார். கயிறு கட்டியது சரியில்லை என்று அவிழ்த்து அவரே கட்டினார். அந்த ஆள் கும்பிட்டதைக்கூடப் பார்க்காமல் கோயிலுக்கு ஓடினார்.

உள்ளே பாதம் கழுவுதல் நடந்துகொண்டிருந்தது. அவருடைய நாற்காலியில் இஸ்திரிச் சட்டைக்காரர் உட்கார்ந்திருந்தார்.

சந்தியாகு தன் காலைப் பார்த்தார். முழங்கால் வரை சேறு. உள்ளே போக மனமில்லாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பன்னிரண்டாவது ஆளின் காலைத் துடைத்து எழுந்த சாமி அவரைப் பார்த்துவிட்டார். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்கு நடுவே நடந்து வந்து, படியில் மண்டியிட்டார்.

"வேண்டாம் சாமி. ஒரே சேறு."

"தெரியுது. காலை நீட்டுங்க. என்ன ஆச்சு?"

"குடக்காரன் ஒருத்தன் வாய்க்கால்ல விழுந்து கிடந்தான்."

"தெரிஞ்சவரா?"

"பேர்கூடக் கேக்கல." சந்தியாகு தலையைக் குனிந்துகொண்டார். "இன்னைக்கும் அன்பு வரல சாமி. திட்டிக்கிட்டேதான் தூக்கிவிட்டேன். நாற்காலியும் போச்சு."

சாமி தண்ணீரை ஊற்றினார். பாத்திரத்துத் தண்ணீர் கறுத்துக் கலங்கியது. கோயில் வேலை பார்க்கும் கோயில்பிள்ளை ஓடிப்போய் வேறு தண்ணீர் கொண்டுவந்தார். அதுவும் கலங்கியது. விரல் இடுக்குகளில் ஒட்டியிருந்த சேற்றைச் சாமி நிதானமாக எடுத்தார். பிறகு துடைத்துவிட்டு, குனிந்து, அந்தப் பாதங்களை முத்தமிட்டார்.

"சாமியாரான நாள்லேருந்து இந்தச் சடங்கைச் செய்யறேன் ஐயா," என்றார். "இன்னைக்குத்தான் ஒருத்தர் காலைக் கழுவுறேன்."