அமைச்சரின் இடுப்பில் ஒரு பிள்ளை

மருதூரை ஆண்ட வல்லப மன்னர் தானும் நன்றாகச் சாப்பிடுவார், பிறரையும் சாப்பிட வைப்பார். கைக்குழந்தையோடு கஷ்டப்படும் இளம் தாய்மார்களுக்கு அரண்மனை வாசலில் தினமும் மதியக் கஞ்சி உண்டு. பக்கத்திலேயே ஒரு தொட்டில் கூடம். பிள்ளையை அங்கே விட்டுவிட்டு வேலைக்குப் போவார்கள்.

அமைச்சர் மங்கைபாகருக்குப் பிள்ளைகளின் அழுகைச் சத்தம் ஆகாது. கூடத்தை மூடினார். மறுவாரமே கஞ்சி வரிசை வீதி முனைவரை நீண்டது.

“பார்த்தீர்களா மன்னா? கஞ்சி ஊற்றியே இவர்களைச் சோம்பேறிகளாக்கிவிட்டோம். அதையும் நிறுத்துங்கள்!”

மன்னர் தலையாட்டினார். தலையாட்டுவது அவருக்குக் கைவந்த கலை.

கூடை முடையும் பூவாயிக்குப் பகீரென்றது. புருஷன் இல்லாதவள், பாவம். இடுப்பில் பத்து மாதப் பிள்ளை. அரசவையில் குறும்புக்குப் பேர்போன கூத்தபிரானிடம் ஓடினாள்.

“ஐயா, இவனை யாராச்சும் அரை நாள் வச்சிக்கிட்டா போதும். என் சோத்த நானே பாத்துக்குவேன்.”

“அவ்வளவுதானே? பெரிய ஆளாகவே பிடித்துத் தருகிறேன்.”

மறுநாள் காலை சபையில், பிள்ளையோடு வந்த பூவாயியை அருகில் நிறுத்திக்கொண்டு கூத்தபிரான் பணிவாக எழுந்தார். “மன்னா, கஞ்சியை நிறுத்தும் ஆணையை அமைச்சரே எழுதட்டும். முடிக்கும்வரை இந்தப் பிள்ளை அவர் பொறுப்பு. சோம்பேறிகளே சுமக்கிறார்கள், சுறுசுறுப்பானவருக்கு என்ன?”

“இதென்ன பிரமாதம்!” என்று வாங்கிக்கொண்டார் அமைச்சர். பூவாயி மூங்கில் வாங்க ஓடினாள்.

அமைச்சர் ஓலையை எடுத்தார். பிள்ளை மீசையைப் பிடித்தது. மீசையை விடுவித்தார். வேட்டி நனைந்தது. தலைப்பாகையை அவிழ்த்துத் தூளி கட்டி ஆட்டினார். தூங்கியது. அவசரமாக ஒரு வரி எழுதினார். எழுத்தாணியின் கீச்சுச் சத்தத்தில் பிள்ளை விழித்து, அந்த ஓலையை மென்று விழுங்கியது.

மதிய மணி அடித்தது. இருவருக்கும் கொலைப்பசி. வீட்டுக்குப் போகலாமென்றால், பல்லக்கைக் கண்டு பிள்ளை வீறிட்டது.

சற்று நேரத்தில் மன்னர் கூத்தபிரானோடு உப்பரிகையிலிருந்து எட்டிப் பார்த்தார். கஞ்சி வரிசையின் கடைசியில், வெறுந்தலையும் ஈர வேட்டியுமாக, இடுப்பில் பிள்ளையோடும் கையில் கலயத்தோடும் அமைச்சர்!

வரிசையைத் தாண்டி பூவாயி வந்தாள். முடைந்த கூடைகளை விற்று மடி நிறைய அரிசி வாங்கியிருந்தாள்.

“கஞ்சி வேண்டாமா, பெண்ணே?” என்றார் மன்னர்.

“வேணாம் மகாராசா. வீட்டுல உலை வைக்கணும். புள்ளையக் குடுக்கச் சொல்லுங்க.”

“நின்றவள் போகிறாள், நிற்காதவர் நிற்கிறார். இதென்ன கூத்து, கூத்தபிரானே?”

“சோம்பேறித்தனம் தொற்றுநோய் போலிருக்கிறது மன்னா. பிள்ளை வழியாக அமைச்சருக்கும் ஒட்டிவிட்டது.”

மன்னர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அன்றே தொட்டில் கூடம் திறந்தது. கூத்தபிரானுக்கு ஒரு முத்துமாலை கிடைத்தது.

“எழுதிய ஆணை எங்கே? கிழித்துப் போடுகிறேன்,” என்றார் மன்னர்.

அமைச்சர் பரிதாபமாகப் பிள்ளையின் வயிற்றைக் காட்டினார்.

பூவாயி சொன்னாள்: “கவலப்படாதீங்க மகாராசா, காலைல வந்துரும்.”