சந்தியின் நடுவே ஒரு மண்திட்டு

ஒரு காட்டில், நான்கு பாதைகள் வந்து கூடும் சந்தி ஒன்று இருந்தது. அதன் ஓரத்து நாவல் மரத்தில் ஒரு குரங்கு உட்கார்ந்துகொண்டு, "மானே, நில்! யானையே, போ!" என்று நாள் முழுவதும் அதட்டும். அது சொன்னால்தான் யாரும் நகரலாம். அந்தப் பெருமையில் அதற்குத் தரையில் கால் பாவவில்லை.

ஆனால் குரங்கு கண் அசந்தால் போச்சு. தாகத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் தண்ணீருக்குப் பாய்வார்கள். அப்படித்தான் ஒருநாள் ஒரு மானின் கால் முறிந்தது.

அதைப் பார்த்து மனம் பொறுக்காத முள்ளம்பன்றி, சந்தியின் நடுவே மண்ணைக் குவித்து ஒரு திட்டு எழுப்பியது. "மலையடிவாரக் கோயிலை மனிதர்கள் வலம் வருவார்களே, அதுபோல இதைச் சுற்றியே போங்கள். உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு வழி விட்டுவிட்டு நுழையுங்கள்" என்றது.

அன்றோடு முட்டல் மோதல் நின்றது. யானைகூட நடையைத் தளர்த்தி வளைந்து போனது. எல்லாரும் முள்ளம்பன்றியிடம் நின்று நலம் விசாரித்தார்கள். மரத்தை நிமிர்ந்து பார்க்க ஆளில்லை.

குரங்குக்கு வயிறு பற்றி எரிந்தது. "நேற்றுவரை புதருக்குள் கிடந்த முள்ளுமூட்டைக்கு வந்த வாழ்வைப் பார். நாலு பேர் மோதி விழட்டும். அப்போது என்னைத் தேடித்தானே வர வேண்டும்?" என்று பொருமியது. நாவல்பழம்கூட அதற்குக் கசந்தது.

மறுநாள் காட்டெருமையிடம் போய்த் தூபம் போட்டது. "என்ன மாமா, உங்களைப்போன்ற பெரியவர் முயலோடு முயலாகச் சுற்றிக்கொண்டு போகலாமா? நேராகப் போங்கள். யார் கத்தினாலும் நிற்காதீர்கள்."

"சரியாகச் சொன்னாய், மாப்பிள்ளை" என்றது காட்டெருமை. புகழ்ச்சியில் அதற்குத் தலைகால் புரியவில்லை.

மாலையில் எல்லாரும் தண்ணீருக்குக் கிளம்பினார்கள். மோதப்போகும் நேரத்தில் தானே கத்திக் காப்பாற்றி, பழைய பெயரை மீட்டுவிடலாம் என்று குரங்கு கணக்குப் போட்டது. எல்லார் கண்ணிலும் பட வேண்டுமே என்று மண்திட்டின் உச்சியிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது. புத்தி போன போக்கைப் பாருங்கள்.

காட்டெருமை தலையைக் குனிந்துகொண்டு நேராக வந்தது. சுற்றிக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று ஒதுங்கிவிட்டார்கள்.

"நில்லுங்கள் மாமா, நில்லுங்கள்" என்று குரங்கு அலறியது. காட்டெருமை நிற்கவில்லை. திட்டு தூள்தூளானது. இனி மரமே ஏற முடியாதபடி குரங்கின் இடுப்பும் ஒடிந்தது.

"இவ்வளவு கத்தினேனே, ஏன் நிற்கவில்லை?" என்று குரங்கு அழுதது.

"யார் கத்தினாலும் நிற்காதீர்கள் என்று சொன்னது நீதானே, மாப்பிள்ளை?" என்றது காட்டெருமை.

நீதி: நாம் இல்லாமலே ஊர் நன்றாக நடந்தால் மகிழ வேண்டும், பொறாமைப்பட்டு அதைக் கெடுக்கப் போனால் முதல் அடி நமக்கே விழும்.